அகப்பை மாட்ட ஓர் ஆணி

வலது கையை நீட்டிவிட்டேன். நீட்டிய கையை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆரணியில் எங்கள் தெருமுனை அம்மன் கோயில் வாசல். கூழ் ஊற்றி முடித்து, கொப்பரையின் அடி தெரிகிறது. பம்பைக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து மோர் குடிக்கிறார்கள். வேப்பிலை, புளித்த கேழ்வரகு, மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்பு எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை. பக்கத்து வீட்டுக் காஞ்சனா மஞ்சள் புடவையில் வியர்த்து வழிய நிற்கிறாள். கூழ் ஊற்றிய நீளக் காம்பு அகப்பையைக் கழுவிக் குங்குமம் வைத்து இரண்டு கையிலும் ஏந்தியிருக்கிறாள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். முதல் பானைக் கூழ் வருஷத்துக்கு ஒரு வீட்டின் முறை. வரிசையாக வீடு வீடாக வரும். இந்த வருஷம் ஊற்றியவள் அடுத்த வருஷத்து வீட்டின் பெயரைச் சொல்லி, அந்த வீட்டுப் பெண்ணின் கையில் அகப்பையை ஒருமுறை கொடுத்து வாங்குவாள். அதன்பின் இரண்டு நாள் அகப்பை அம்மன் காலடியில் இருக்கும். செவ்வாய்க்கிழமை அது முறைக்காரியின் வீட்டுக்குப் போய்ச் சுவரில் ஏறும். அடுத்த ஆடி வரைக்கும் அங்கேதான்.

காஞ்சனா வீட்டுக்கு அடுத்த வீடு எங்களுடையது. காலையிலேயே தலைக்குக் குளித்து, நானும் ஒரு மஞ்சள் புடவையைத் தேடிக் கட்டிக்கொண்டு, முன்வரிசையில் போய் நின்றிருந்தேன். காஞ்சனா என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன்.

"மல்லிகா வூடு!" என்றாள் அவள்.

மல்லிகா வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்தது. நீட்டிய கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். சரியாகத்தான் இருந்தது, இருந்தாலும் சரிசெய்தேன். பிறகு தூக்குவாளி நிறைய கூழை வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன். ஐம்பத்தாறு வயசில் எனக்கு அழுகை வந்தது.

போன வாரக் கட்டுரையில் உங்களை அம்பாலா ஸ்டேஷனில், எங்கள் இருபத்திரண்டு கறுப்பு இரும்புப் பெட்டிகளுக்குக் காவலாக நிறுத்திவிட்டு வந்தேன். மன்னிக்கவேண்டும், பெட்டிகளை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். இந்த வாரக் கதைக்கும் அவைதான் காரணம்.

ஆரணிக்கு வந்த கதை

எங்கள் வீட்டுக்காரர் கர்னலாக ஓய்வு பெற்றபோது, எங்கே குடியேறுவது என்று பெரிய சண்டை. அவர் பெரணமல்லூர்க்காரர். நான் அதற்குப் பக்கத்துச் சேத்துப்பட்டு. இரண்டு பேருக்கும் சொந்த ஊர்தான் உலகத்திலேயே நல்ல ஊர். ஜோத்பூரில் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோதும், பனிமலை ஊரான லேயில் உறைந்த முட்டையைச் சுத்தியலால் தட்டியபோதும் "எங்க ஊர்ல..." என்று ஆளுக்கொரு பக்கம் ஆரம்பித்துச் சண்டை போட்டிருக்கிறோம்.

கடைசியில் ஒரு சமரசம். எங்கள் கல்யாணப் பட்டு எடுத்தது ஆரணியில். இரண்டு ஊருக்கும் சுலபமாகப் பஸ் உண்டு. ஆரணியிலேயே ஒரு வீட்டை வாங்கிவிட்டோம்.

ஆனால் ஒரு நிபந்தனையோடு. அவருடைய பழைய நண்பர்கள் பாதிப் பேர் புனேயில் ஒரே காலனியில் இருக்கிறார்கள். "ஒரு வருஷம் பாப்போம் வசந்தா. புடிக்கலன்னா புனேவுக்குப் போயிடலாம்" என்றார். நானும் சரி என்றேன். அந்த ஒரு வருஷம் முடிந்து நான்கு மாதம் ஆகியும் அவரும் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பட்டாளத்தில் கெட்ட செய்தி தானாகவே வரும் என்பதால் தேடிப் போய்க் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இதற்குள் எனக்கு ஆரணி பிடித்துவிட்டது. காலையில் காஞ்சனா வீட்டுத் தறிச் சத்தத்தில்தான் கண் விழிப்பேன். காய்கறிக்காரர் முதல் நாளிலிருந்தே என்னை "மிலிட்டரியம்மா" என்றார். எனக்குப் புரிகிற தமிழில் யாரோ யாரையோ திட்டுவதைக் கேட்டுக்கொண்டே தோசை வார்க்கிற சுகத்துக்காக நான் இருபத்தெட்டு வருஷம் காத்திருந்தேன்.

சாம்பார் கரண்டி

கோயிலிலிருந்து வந்து அரை மணி நேரத்தில் காஞ்சனாவே வந்துவிட்டாள். ஒளித்துப் பேசத் தெரியாதவள். வாசற்படியிலேயே நின்றுகொண்டு ஆரம்பித்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நீங்க இருப்பீங்களா, கெளம்பிடுவீங்களா ஒண்ணும் தெரில. அதான் மல்லிகா பேரச் சொல்லிட்டேன்."

"நாங்க போறோம்னு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? உங்க வூடே சொல்லிகினு கீதே!"

உள்ளே எட்டிப் பார்த்துக் கையை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினாள். "பொட்டியெல்லாம் பூட்டு போட்டது போட்டபடியே கீது. அது மேலயே மெத்தையப் போட்டு சோபான்றீங்க. சாமி படம் தரையில சாஞ்சிகினு கீது. வந்து ஒண்ணரை வருசம் ஆவப்போவுது, செவுத்துல ஒரு ஆணி கெடையாது. பொங்கலுக்கு நான் குடுத்த காலண்டர எங்கக்கா மாட்னீங்க?"

காலண்டர் உறை பிரிக்காமல் பெட்டி மேல் இருந்தது. ஆடி மாதத்தில், தை ஒன்றாம் தேதி கூடக் கிழிக்கப்படாமல்.

"அகப்பைய எங்க மாட்டுவீங்க, சொல்லுங்க?"

அவள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் தெருவில் ஒரு பேங்க் மேனேஜர் குடும்பம் இருந்ததாம். முறை வந்தது, அகப்பை அவர்கள் வீட்டுச் சுவரில் ஏறியது. மார்கழியில் மாற்றல். பாத்திரம் பண்டத்தோடு அகப்பையும் லாரியில் ஏறி எங்கோ போய்விட்டது. அடுத்த ஆடியில் அம்மனுக்கு முன்னால் சாம்பார் கரண்டியால் கூழ் ஊற்றினார்கள். அந்த வருஷம் தறியில் இழை அறுந்தாலும், பைக் பஞ்சரானாலும், கல்யாண வீட்டில் கரண்ட் போனாலும், தெருவுக்கு அந்தச் சாம்பார் கரண்டிதான் காரணம். அதன்பிறகு, கிளம்புகிற வீட்டுக்கு அகப்பை கிடையாது என்று முடிவாகிவிட்டது.

"எல்லாரும் பேஜாராயிட்டோம்கா அந்த வருசம்" என்றாள் காஞ்சனா, இப்போதும் முகம் வாடி.

மூங்கில் சுவரில் நடந்தது

ஆணி விஷயத்தை நான் சொல்லியாகவேண்டும்.

கல்யாணமாகி எங்கள் இரண்டாவது ஊர் வடகிழக்கு மூலையில் இருக்கும் தேஜ்பூர். மூங்கில் தட்டியில் மண்ணும் சாந்தும் பூசிய சுவர், மேலே தகரம். மழை பெய்தால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. போன முதல் வாரமே, அம்மா கொடுத்தனுப்பிய முருகன் படத்தை மாட்ட ஒரு நீள ஆணியை எடுத்து, அம்மிக்குழவியால் ஓங்கி அடித்தேன். ஒரே அடியில் ஆணி, கொண்டை மட்டும் வெளியே நிற்க, உள்ளே போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பக்கத்துப் போர்ஷனிலிருந்து ஓர் அலறல். ஆணி சுவரைத் துளைத்து அந்தப் பக்கம், மேஜர் மனைவி ஹர்ப்ரீத்தின் கட்டில் தலைமாட்டில் எட்டிப் பார்த்திருக்கிறது. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு இந்தி சுத்தமாக வராது, கும்பிட்டுக்கொண்டே நின்றேன். அவள் ஆணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மேஜரின் தொப்பியை எடுத்து அந்த ஆணி முனையிலேயே மாட்டினாள்.

இரண்டு வருஷம் அந்த ஆணிக்கு இந்தப் பக்கம் முருகன், அந்தப் பக்கம் மேஜரின் தொப்பி. அவள் தொப்பியை எடுத்தால் என் முருகன் ஆடுவார். ஆணியை இரண்டு தட்டுத் தட்டினால் டீக்கு வா என்று அர்த்தம். மூன்று தட்டு என்றால் வீட்டுக்காரர்களின் ஜீப் வந்துவிட்டது, சீட்டுக்கட்டை ஒளி. நான் இந்தி கற்றது அந்த ஆணியின் தயவில்தான்.

வீட்டைத் திருப்பி ஒப்படைக்கிற நாளில்தான் வினை. ஜன்னல், கதவு, குழாய் எல்லாவற்றையும் ஒரு பட்டியலோடு சரிபார்க்க வந்தவர், ஒரு சுவரில் ஒரே ஆணி இரண்டு வீட்டிலும் இருப்பதைக் கண்டு குழம்பிப் போனார். இதை எந்த வீட்டுச் சேதத்தில் எழுதுவது? ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். அப்போது கேப்டனாக இருந்த என் வீட்டுக்காரர் காது சிவக்க நின்றார். ரயில் ஏறியதும் சொன்னார்: "இனிமே எந்த வீட்லயும் ஆணி அடிக்கக் கூடாது. ஒண்ணு கூட."

அடிக்கவில்லை. அதன்பிறகு பதினான்கு வீடுகள், ஓர் ஆணி இல்லை. படங்கள் பெட்டி மேல் சாய்ந்திருக்கும். கறிவேப்பிலை தொட்டியில் வளர்ந்து, என் மடியில் உட்கார்ந்து ரயிலில் வரும். மரம் எதுவும் நட்டதில்லை. காய்க்கும்போது நாம் அங்கே இருக்கமாட்டோம் என்பதால் கீரை, கொத்தமல்லியோடு சரி. பெட்டிகளின் மேல் அவர் பெயர் வெள்ளை எழுத்தில் இருக்கும். கேப்டன் என்பதன் மேல் கறுப்படித்து மேஜர், மேஜரின் மேல் கறுப்படித்துக் கர்னல். எதைத் திறந்தால் எது கிடைக்கும் என்பதை விட, எதைத் திறக்காமலே இரண்டு வருஷம் ஓட்டலாம் என்பதில்தான் எனக்குத் தேர்ச்சி.

இப்போது சொந்த வீட்டுக்கு வந்தும் அப்படியே இருந்திருக்கிறேன். நான் கவனிக்கவே இல்லை, தெரு கவனித்திருக்கிறது.

பாலிஷ் டப்பாக்களுக்குப் பின்னால்

காஞ்சனா போனதும் நேராக அவரிடம் போனேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கப்படி ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றவருக்கு எதற்கு நான்கு ஜோடி ஷூ என்று கேட்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

"ஏங்க, நாம புனேவுக்குப் போறமா, இல்லியா?"

பிரஷ் நின்றது. "இன்னா திடீர்னு?"

"எனக்குத் தெரிஞ்சாவணும். இப்பவே."

பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "நான் இங்கயே இருக்கலாம்னு முடிவு பண்ணி ஆறு மாசம் ஆவுது. நீதான் பொட்டியே தொறக்கல. சரி, உனக்கு ஊரு புடிக்கல போல, நீயா சொல்லட்டும்னு சும்மா இருந்தேன்."

எனக்கு வந்ததே கோபம். "நான் தொறக்காம இருந்ததே உங்களுக்காகத்தான்! உங்களுக்குப் புனேதான் மனசுல இருக்குதுன்னு நெனச்சிகினு, எனக்குப் புடிச்சிருக்குதுன்னு சொன்னா உங்க வாய அடைச்ச மாதிரி ஆயிடுமேன்னு, நாலு மாசமா வாயத் தொறக்காம கெடக்கறேன்! ஆறு மாசமா? ஆறு மாசமா சொல்லாம இருந்தீங்க?"

சத்தம் காஞ்சனா வீட்டுத் தறி வரைக்கும் போயிருக்கும். அவர் எழுந்து, அலமாரியில் பாலிஷ் டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். பேப்பரைப் பிரித்தால் புத்தம் புதுச் சுத்தியல் ஒன்றும், அரைக் கிலோ ஆணியும்.

"இது எப்ப வாங்கினீங்க?"

"தையில. காஞ்சனா காலண்டர் குடுத்த மறுநாளு."

திட்ட வாயெடுத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். இரண்டு கிழங்கள் ஆளுக்கொரு பக்கம் தியாகம் செய்துகொண்டு, ஒரே வீட்டில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்திருக்கிறோம். கண்ணீர் வர வர சிரித்தேன். அதில் பாதி மதியம் மிச்சம் வைத்த அழுகை.

திங்கட்கிழமை முழுக்க டொக் டொக்

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போர் தொடங்கியது.

முதலில் பெட்டிகளைத் திறந்தோம். பதினேழாம் நம்பர் பெட்டியின் அடியில், ஒரு தைல டப்பாவுக்குள், கைக்குட்டையில் சுற்றி அந்தத் தேஜ்பூர் ஆணி இருந்தது. கிளம்பும்போது ஹர்ப்ரீத் பிடுங்கி என் கையில் திணித்தது. "இதிலயே ஆரம்பிப்போம்" என்றேன். கர்னல் ஸ்டூலில் ஏறி, பென்சிலால் புள்ளி வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து ஓர் அடி அடித்தார். ஆணி கூனிப்போய்த் தரையில் விழுந்தது. மூங்கிலில் வாழ்ந்த ஆணிக்குச் செங்கல் ஒத்துவரவில்லை. அதைத் திரும்பவும் டப்பாவிலேயே வைத்தேன்.

புது ஆணிகளும் வளைந்தன. ஒன்று பறந்து போய்ச் சமையலறைச் சிங்க்கில் விழுந்தது. சாந்து உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்தது. இருபத்தெட்டு வருஷம் நாட்டைக் காத்தவருக்கும், பதினாறு வீடு கட்டிப் பிரித்தவளுக்கும் ஒரு சுவரில் ஓர் ஆணி அடிக்கத் தெரியவில்லை.

பத்து மணிக்குக் காஞ்சனாவும் மல்லிகாவும் வாசலில் நின்றார்கள். மல்லிகா கழுத்தில் தையல் டேப்போடு அப்படியே வந்திருந்தாள்.

"இன்னாக்கா, காலையிலருந்து டொக்கு டொக்குன்னு..." என்று உள்ளே வந்த காஞ்சனா, திறந்த பெட்டிகளையும் சுவரையும் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகினாள். "சார், கீழ எறங்குங்க. நடுக் கல்லுல அடிச்சா எறங்குமா? ரெண்டு கல்லுக்கு எடையில சாந்து இருக்கும். அங்க அடிக்கணும்." விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்றாள். "இங்க."

"யெஸ் மேடம்" என்றார் கர்னல். நான்கே அடி. ஆணி நின்றது. அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை.

அப்போதுதான் கேட்டேன். யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், நேராகக் கேட்டுவிட்டேன். "காஞ்சனா, எனக்கு அந்த அகப்பை வேணும்."

அவள் கர்னல் பக்கம் திரும்பினாள். "சார், அடுத்த ஆடிக்கு நீங்க இங்கதானே இருப்பீங்க?"

இந்தக் கேள்வியை எத்தனை ஊரில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! எங்கள் மகளின் பள்ளிக்கூடத்து டீச்சர்கள், பால்காரர்கள், கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: ஆர்டரைப் பொறுத்து.

"இருப்போம்மா" என்றார் அவர்.

மல்லிகா சிரித்துவிட்டாள். "எனக்கு அதுக்கடுத்த வருசம் வந்தா போதும்க்கா. மொறையப் பாத்தா உங்களுதுதான். நேத்து உங்க கையப் பாத்து எனக்கே ஒரு மாதிரி ஆயிட்ச்சி."

சாயங்காலத்துக்குள் பதினோரு ஆணிகள். முருகன், மகளின் பட்டமளிப்பு விழா, பனியில் நிற்கும் கர்னல், ஜோத்பூர் ஒட்டகம், காஞ்சனாவின் காலண்டர் எல்லாம் மேலே ஏறின. தை முதல் ஆடி வரை தாள்களை ஒரே மூச்சில் கிழித்தேன். காலிப் பெட்டிகளில் இரண்டைக் காஞ்சனா ஜரிகை வைக்க எடுத்துக்கொண்டு போனாள், எலி நுழையாதாம். சுவரைப் படமெடுத்து ஹர்ப்ரீத்துக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்: "அந்தப் பக்கம் யார் தலைமாட்டில் வந்தது?"

செவ்வாய்க்கிழமை

பம்பை முன்னால் வர, தெருப் பெண்கள் அகப்பையைக் கொண்டுவந்தார்கள். நான் வாசலில் கோலம் போட்டு, மஞ்சள் நீர் சுற்றி உள்ளே அழைத்தேன். காஞ்சனா அகப்பையை என் கையில் கொடுத்தாள். நினைத்ததை விடக் கனமாக இருந்தது. நானே ஸ்டூலில் ஏறி, அகப்பைக் காம்பில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றை ஆணியில் மாட்டினேன். அது இரண்டு முறை ஆடி, சுவரோடு ஒட்டி நின்றது.

எல்லோருக்கும் காப்பி கொடுத்தேன். போகும்போது காஞ்சனா வாசற்படியில் நின்று, சுவரை இன்னொரு முறை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"அக்கா, வெள்ளிக்கு வெள்ளி குங்குமம் வெச்சிடுங்க. ஆடி பொறந்ததும் கூழுக்கு ஜல்தியா கேவுரு வாங்கிக் காய வெச்சிடணும், சொல்லிட்டேன். எங்கயும் போயிடாதீங்க."

இருபத்தெட்டு வருஷமாக எங்கள் வீட்டுக்கு எத்தனையோ ஆர்டர் வந்திருக்கிறது. எல்லாம் கிளம்பு என்று வந்தவை. அன்றைக்குத்தான் முதல் முறையாக, எங்கேயும் போகாதே என்று ஓர் ஆர்டர் வந்தது. நிமிர்ந்து நின்று, "சரி காஞ்சனா" என்றேன். பிறகு கொல்லைப் பக்கம் போய்த் தொட்டியை உடைத்து, கறிவேப்பிலைச் செடியைத் தரையில் நட்டேன்.